மேட்டுப்பாளையம் பம்ப் நாசில் கடை: வீட்ல டீசல் ரேட் ராட் கட்றவங்களுக்காக ஒரு ரிவ்யூ

வீட்ல டீசல் ரேட் ராட் கட்றவங்க நிறைய பேர் காச எல்லாம் வீல்லயும் சைலன்சர் பைப்லயும் கொட்டிட்டு, என்ஜினுக்கு டீசல அளந்து அனுப்பற பம்ப மட்டும் காயலாங்கடைலேர்ந்து எப்படி வந்துச்சோ அப்படியே மாட்டிடறாங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணா தெருவே கறுப்பாயிடுது, என்ஜின் சரியில்லன்னு அதுமேல பழி. என்னக் கேட்டா முதல் செலவே பம்புக்கும், அந்த டீசல என்ஜினுக்குள்ள தெளிக்கற நாசிலுக்கும் தான் பண்ணணும், மத்ததெல்லாம் அப்புறம். அதுக்கு நான் கை காட்ற இடம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல் பக்கம் இருக்கற ஒரு சின்ன கடை. பெரிய போர்டெல்லாம் கிடையாது, பம்ப் நாசில் கடை எங்கன்னு லாரிக்காரங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. கடலூர்லேர்ந்து முள்ளோடை தாண்டி போறது கொஞ்சம் அலைச்சல் தான், ஆனா போகலாம்.

ரேட் ராட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்காவுல 1930கள்ல வந்த ஃபோர்டு மாதிரி பழைய பாடிய எடுத்து, கூரைய வெட்டி எறக்கி, வண்டிய தரையோட ஒட்ற மாதிரி தாழ்த்தி, பெயின்ட் பட்டி எதுவும் இல்லாம துருவும் வெல்டிங் தழும்பும் வெளிய தெரியவே விட்டுடுவாங்க. அங்க டீசல்னா கம்மின்ஸ் 5.9 லிட்டர், 6 சிலிண்டர் தான் எல்லாருக்கும் ஆசை, 1989ல டாட்ஜ் ராம் பிக்கப்ல வந்த என்ஜின், அதே குடும்பத்து என்ஜின் ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸ்லேர்ந்து நம்ம டாடா லாரிகள்லயும் வந்திருக்கு. ஆனா அது கிட்டத்தட்ட அரை டன் வெயிட்டு, வீட்டு ஷெட்ல செயின் பிளாக் மாட்டி தூக்கற வேலை இல்ல. நான் எடுத்தது பழைய டெம்போ மெட்டடார் என்ஜின், மெர்சிடிஸ் ஓஎம் 616, 2.4 லிட்டர், 4 சிலிண்டர். மேல அம்பாசிடர் முன்பாதி, அம்பாசிடருக்கு தனி சேஸிஸ் கிடையாது பாடியே தான் சேஸிஸ், அதனால கீழ பழைய ஜீப் சேஸிஸ வச்சு அதுமேல உக்கார வச்சேன். இந்த என்ஜின்ல பிடிச்சதே ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்), சென்சார்னு ஒரு தொல்லையும் இல்லாதது தான், ஸ்டார்ட்டருக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் கரண்ட் குடுத்தா போதும், மீதி எல்லாத்தையும் பம்பே பாத்துக்கும். அப்போ பம்பு எப்படியோ வண்டியும் அப்படித்தான்.

இப்ப கடைக்கு வர்றேன். பம்ப டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி கப்ளிங் மாட்டி மோட்டார ஓட விட்டாரு கடைக்கார அண்ணன், நம்மளயும் பக்கத்துலயே நிக்கச் சொன்னாரு, இது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், வேற ஒரு ஊர்ல ஒரு கடைல கஸ்டமர உள்ளயே விடல, ரெண்டு நாள் கழிச்சு பம்ப கைல குடுத்து எல்லாம் ஓகேன்னு மட்டும் சொன்னாங்க. இங்க நாலு கண்ணாடி டியூப் வரிசையா தொங்குது, ஒவ்வொரு சிலிண்டருக்கு ஒண்ணு, லீவர தட்டினதும் குறிப்பிட்ட ஸ்ட்ரோக் எண்ணிக்கைக்கு மட்டும் டெஸ்ட் ஆயில் அதுல விழும், அப்புறம் தானா கட் ஆயிடும். முதல் தடவ விட்டப்போ ஒண்ணு, ரெண்டு, நாலு ஓரளவு ஒரே மட்டம், மூணாவது டியூப்ல பாதிக்கு கொஞ்சம் மேல தான். "பாத்தியா தம்பி, உன் வண்டி மூணு கால்ல தான் ஓடியிருக்கும்"னாரு. மூணாவது எலிமெண்ட, அதாவது பேரல்ங்கற குழாயும் அதுக்குள்ள ஏறி எறங்கி டீசல தள்ற பிளஞ்சரும் சேர்ந்த ஜோடிய, கழட்டி காட்டினாரு, பிளஞ்சர் மேல சாய்வா வெட்டியிருக்கற அந்த காடிக்கு பக்கத்துல மங்கலா ஒரு கோடு, நகத்த வச்சா தட்டுப்படவே இல்ல, வெளிச்சத்துல திருப்பினா தான் தெரியுது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியே ரெண்டு மூணு மைக்ரான் தான்கறதால அந்த கோடு போதும், டீசல் பின்னாடி கசிஞ்சிடும், தண்ணி கலந்த டீசல் ஓட்டினதால வர்றதுன்னு சொன்னாரு. புது எலிமெண்ட் ஜோடியா தான் போடணும், பிளஞ்சர் ஒண்ணு பேரல் ஒண்ணுன்னு மாத்தி போடக் கூடாது. போட்டதுக்கப்புறம் ஸ்லீவ் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, மயிரிழை திருப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி திருப்பி, நாலு டியூப்பும் ஒரே கோட்டுல வந்து நிக்கற வரைக்கும் விடல. கழட்டின பழைய எலிமெண்ட கவர்ல போட்டு நம்ம கைலயே குடுத்துட்டாரு.

நாசில் வேலையும் இதே சுத்தம். ஹேண்ட் டெஸ்டர்ல மாட்டி அமுக்கினா இந்த என்ஜினுக்கு 115 பார் பக்கம் தெறக்கணும், என்னோடதுல ரெண்டு 90க்கே தெறந்துடுச்சு, ஒண்ணு அடிச்சு முடிச்சும் மூக்குல சொட்டு நின்னுச்சு. அந்த சொட்டு தான் புகை, நாளாக நாளாக பிஸ்டனுக்கும் ஆபத்து. ஷிம் (ஸ்பிரிங்குக்கு வைக்கற மெல்லிசு வளையம்) மாத்தி பிரஷர் ஏத்தினதும் கர்ர்ர்னு ஒரு சத்தத்தோட பனி மாதிரி அடிச்சது, அந்த சத்தம் வரலன்னா நாசில் சரியில்லன்னு அர்த்தம். ஒண்ணு சொல்லிடறேன், வீட்ல யூட்யூப் பாத்து டெஸ்டர் செஞ்சு வச்சிருக்கறவங்க ஸ்ப்ரே முன்னாடி கைய நீட்டாதீங்க, அந்த பிரஷர்ல டீசல் தோல துளைச்சு உள்ள போயிடும், வெளிய ஊசி குத்தின மாதிரி தான் தெரியும், உள்ள சதை அழுகி விரலையே எடுக்கற நெலைமை வரும்.

ஆனா இந்த கடை எனக்கு செஞ்ச பெரிய உதவி பில்லுல இல்ல. என் பம்பு பழைய வேக்கும் கவர்னர் டைப், அதாவது ஏர் போற வழில உண்டாகற உறிஞ்சற விசைய வச்சு டீசல் அளவ கட்டுப்படுத்தறது. ரேட் ராட் லுக்குக்காக ஏர் கிளீனர், இன்டேக் வென்சுரி (ஏர் போற குறுகலான கழுத்து) எல்லாத்தையும் கழட்டிட்டு நாலு குட்ட பைப்ப மேல நிமித்தி வைக்கப் போறேன்னு பேச்சுவாக்குல சொன்னேன், அண்ணன் வேலைய நிறுத்திட்டாரு. "வேக்கும் எங்கேர்ந்து வரும் தம்பி?"ன்னு கேட்டாரு. அந்த வென்சுரில உண்டாகற வேக்கும் தான் டயாஃப்ரம்ங்கற சவ்வ இழுத்து, டீசல் அளவ கூட்டிக் குறைக்கற ராக்க பின்னாடி கொண்டு வருது, அது இல்லன்னா ஸ்பிரிங் ராக்க ஃபுல் டீசலுக்கு தள்ளிடும், என்ஜின் தன்னால ரேஸ் ஏறி கனெக்டிங் ராடு பிளாக்க பொத்துக்கிட்டு வெளிய வர்ற வரைக்கும் நிக்காது. டயாஃப்ரம் கிழிஞ்சாலும் இதே கதை தான், அதனால அதையும் புதுசா போட்டு விட்டாரு. அப்படி ரேஸ் ஏறிட்டா சாவிய திருப்பி பிரயோஜனம் இல்ல, ஸ்டாப் லீவர இழு, நிக்கலன்னா ஏர் போற வாய பலகையால அடைன்னு சொல்லிக் குடுத்தாரு. இப்ப என் வண்டில வென்சுரி அப்படியே இருக்கு, அதுக்கு மேல தான் பைப் நிக்குது, பாக்கறதுக்கும் அழகா தான் இருக்கு.

அதிகபட்ச டீசல் அளவ முடிவு பண்ற ஃபுல் டீசல் ஸ்க்ரூவ கொஞ்சம் ஏத்தி வைங்கண்ணேன்னு கேட்டேன், ஒத்துக்கல. எங்க ஓட்டப் போறேன்னு கேட்டாரு, பண்ருட்டி பக்கம் சொந்தக்காரங்க முந்திரித் தோப்புலன்னு சொன்னேன். ரோட்ல ஓட்ட வழியே இல்ல, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மாத்தின வண்டிக்கு அனுமதி கிடையாது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதி பண்ணிடுச்சு. தோப்புக்குள்ள ஓட்ற வண்டிக்கு எதுக்கு கறுப்பு புகைன்னு கேட்டாரு, அந்தப் பேச்சு நியாயமா பட்டுச்சு. காத்து பத்தாம டீசல் மட்டும் ஏத்தினா புகையும் சூடும் தான் ஏறும், பவர் ஏறாது.

குறை இல்லாம இல்ல. சொன்ன தேதிக்கு வேலை முடியாது, நாலு தடவையாவது போன் பண்ணணும், போனும் எடுக்க மாட்டாங்க. கூலி மத்த கடைய விட கொஞ்சம் கூட தான், ஆனா பார்ட்ஸ் பில்ல தனியா காட்டிடறாங்க. முக்கியமா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், மீன்பிடி தடைக்காலத்துல, அங்க போயிடாதீங்க. தேங்காய்த்திட்டுலேர்ந்தும் கடலூர் துறைமுகத்துலேர்ந்தும் படகு பம்பெல்லாம் அப்பத்தான் சர்வீசுக்கு வந்து குவியும், கடலுக்கு போறவங்க பொழப்பு அது, நம்ம ஆசை வண்டி காத்திருக்கலாம்.

போறவங்க பம்ப கழட்டறதுக்கு முன்னாடி என்ஜின் டைமிங் மார்க்க சேர்த்து வச்சு பெயின்ட்டால ஒரு கோடு போட்டுக்கங்க. கழட்டினதும் டெலிவரி வாய் எல்லாத்தையும் கேப் போட்டு அடைச்சிடுங்க, உள்ள கொஞ்சம் சுத்தமான டீசல் ஊத்தி வைங்க, நம்ம ஊரு கடல் காத்துல ஒரு மாசம் காய விட்டா ராக்கே இறுகிடும். பாடி மேல துரு ரேட் ராட்ல அழகு, பம்புக்குள்ள ஆகாது. காமன் ரயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல ஓடற புது டீசல் சிஸ்டம்) வேலை அங்க எடுக்கறதில்ல, மைக்கோ கம்பெனி இன்லைன், ரோட்டரி பம்பு மட்டும் தான். ஞாயிறு லீவு.