150 மாணவர் வகுப்புக்கு பிபிஎல்லா, டிபிஎல்லா?

எம்பிபிஎஸ் முதலாண்டில் லெக்சரைக் குறைக்க நினைக்கும் துறைக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, 1969-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிபிஎல் (problem-based learning): சிறு குழு ஒரு டியூட்டரோடு உட்கார்ந்து, ஒரு நோயாளியின் கேஸிலிருந்து தானே கேள்வி எழுப்பிப் படிப்பது. மற்றது, அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாரி மைக்கேல்சன் பெரிய வகுப்புகளுக்கென்றே உருவாக்கிய டிபிஎல் (team-based learning): ஒரே அரங்கில் பல அணிகள், ஆசிரியர் தரும் கேள்விகளுக்கு விவாதித்து விடை காண்பது. மாணவரைப் பேசவைப்பதிலும் கேஸோடு சேர்த்துப் படிக்கவைப்பதிலும் இரண்டுமே நல்லவை. 150 பேருக்கு எங்கள் தேர்வு டிபிஎல். காரணம் ஆசிரியர் நேரம்.

குழுவுக்கு 10 பேர் என்றால் பிபிஎல்லுக்கு 15 டியூட்டர் வேண்டும். ஒரு கேஸுக்கு 2 மணி நேர அமர்வுகள் இரண்டு வைத்தாலே 60 ஆசிரியர்-மணி. கேஸை டியூட்டர்களுக்கு முன்கூட்டி விளக்க ஆளுக்கு ஒரு மணி என்று சேர்த்தால் 75. கேஸ் எழுதும் உழைப்பு தனி. அடுத்த ஆண்டு கேஸ் தயாராக இருந்தாலும் அந்த 60 மணியில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. 15 பேரும் ஒரே நேரத்தில் கிடைக்கவும் வேண்டும். உடலியல் துறையில் அத்தனை பேர் இல்லை. வேறு துறையிலிருந்து வருபவரை ஓபியும் (புறநோயாளிப் பிரிவு) ஆபரேஷன் தியேட்டரும் இழுத்துக்கொள்ளும். ஒருவர் வராவிட்டால் இரண்டு குழுக்களைச் சேர்த்துவிடுவார்கள். 20 பேர் உட்கார்ந்தால் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை.

டிபிஎல்லில் 6 பேர் வீதம் 25 அணிகள், ஒரே அரங்கு. நடத்த ஒருவர், உதவிக்கு ஒருவர். 10 கேள்விகளைத் தனியாக 15 நிமிடம், அவற்றையே அணியாக 20 நிமிடம், பிறகு விடையை ஏற்காத அணிகளின் முறையீடு, ஆசிரியரின் விளக்கம், மீதி நேரம் கேஸ் பயிற்சி. 3 மணி நேரத்துக்கு 6 ஆசிரியர்-மணிதான். பளு முழுவதும் தயாரிப்பில்: முதல்முறை 25 முதல் 30 மணி ஒதுக்குங்கள், அடுத்த ஆண்டு 5 மணி போதும். அதையும் விட்டுவிடக் கூடாது. கேள்விகள் ஜூனியர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், மூன்றில் ஒரு பங்கையாவது மாற்ற வேண்டும். "இது என்ன நோய்?" என்று கேட்டால் 25 அணிகள் தூக்கும் விடையட்டைகளும் ஒரே எழுத்தைக் காட்டும், விவாதம் படுத்துவிடும். "முதலில் எந்தப் பரிசோதனை, ஏன்?" என்று கேளுங்கள்.

தனக்குத் தெரியாததைத் தானே கேள்வியாக்கும் பழக்கத்துக்கு பிபிஎல்தான் மேல். டிபிஎல்லில் கேள்வியை வைப்பவர் ஆசிரியர். 50 பேர் வகுப்பென்றால் 5 டியூட்டர் போதும், அங்கே பிபிஎல்லையே எடுக்கலாம். இந்தக் கணக்கு முதலாண்டுக்கானது, வார்டு வகுப்புகளுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். 150 பேர் கல்லூரியிலும் ஆண்டுக்கு இரண்டு கேஸை பிபிஎல்லாக நடத்த முடியும்: தேதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே தியேட்டர் அட்டவணையோடு பார்த்துக் குறித்து, டியூட்டர் பட்டியலில் 15-க்குப் பதில் 17 பெயரை எழுதிவைத்தால்.