வாளையார் எல்லையோரக் குடியிருப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை: காவலுக்குப் பணம் கட்டியும் காவலற்று இருந்த பதினொரு மாதங்கள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில், நவக்கரையைத் தாண்டி வாளையாருக்கு முன்பாகத் தமிழ்நாட்டுப் பக்கம் அமைந்துள்ள ஒரு லே-அவுட்டில் நான் வசிக்கிறேன். ஆறு ஏக்கர் பரப்பில் 38 வீடுகள் உள்ளன. நலச்சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு இரண்டாண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் எங்கள் சங்கம் ஒரு தனியார் காவல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில், ஒரே இரவில், பூட்டியிருந்த மூன்று வீடுகள் உடைக்கப்பட்டன. திருடியவர்களைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை; அது காவல்துறையின் விசாரணையில் உள்ளது. காவல் என்ற பெயரில் எங்களுக்கு விற்கப்பட்டது என்ன என்பதைத்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வழக்கு முடியும்வரை வெளியிட வேண்டாம் என்று வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன்.

அவர்களை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விலைதான். கோவை நிறுவனங்கள் ஒரு காவலாளிக்கு மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கேட்டபோது, பாலக்காட்டிலிருந்து வந்த இவர்கள் பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு 17,500 ரூபாய் போதும் என்றார்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். வரியோடு சேர்த்து மாதம் 41,300 ரூபாய். வீட்டுக்கு 1,100 ரூபாய் சந்தா வசூலித்தால் ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று பொதுக்குழுவில் கணக்குச் சொன்னவன் நானே. கூடவே 1,86,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு கேமராக்களையும் அவர்களே பொருத்தித் தந்தார்கள்.

ஒப்பந்தத்துடன் ஓர் உரிம நகலைக் கொடுத்தார்கள். அரசு முத்திரையைப் பார்த்ததும் கோப்பில் செருகிவிட்டோம். திருட்டுக்குப் பிறகு விசாரணை அதிகாரி அதைக் கேட்டபோதுதான் முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். தனியார் காவல் முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன்படி, எந்த மாநிலத்தில் தொழில் நடத்துகிறார்களோ அந்த மாநிலத்தில் உரிமம் பெற்றாக வேண்டும், ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டங்கள் வரைக்கு, முழு மாநிலத்துக்கு என்று தனித்தனிக் கட்டணத்தில் அது வழங்கப்படுகிறது, ஐந்தாண்டுகள் செல்லும். எங்களிடம் இருந்த நகல் கேரள அரசு பாலக்காடு மாவட்டம் ஒன்றுக்கு மட்டும் 2018-இல் வழங்கியது. அதாவது எங்கள் ஊருக்கு அது என்றுமே செல்லுபடியாகவில்லை. பாலக்காட்டிலும் அதன் காலம் 2023-இலேயே முடிந்துவிட்டது. உரிமமின்றி இத்தொழிலை நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ 25,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. நாற்பது ஆண்டுகள் வங்கியில் பிறருடைய கையெழுத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்; மறைப்பதில் பயனில்லை.

பில்லிலும் தடயம் இருந்தது. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அவர்களுடைய எண் 32 என்று தொடங்கியது. அப்படியானால் மாநிலம் கடந்து தரும் சேவைக்கு ஒருங்கிணைந்த வரி போட்டிருக்க வேண்டும். அவர்களோ மத்திய வரி ஒன்பது சதவீதம், மாநில வரி ஒன்பது சதவீதம் என்று பிரித்து எழுதியிருந்தார்கள். அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுப் பார்த்தபோது, பதிவு ரத்து செய்யப்பட்டதாகக் காட்டியது. மாதம் 6,300 ரூபாய் வீதம் பதினொரு மாதங்கள் நாங்கள் வரியென்று கட்டிய தொகை எந்தக் கருவூலத்துக்குப் போயிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இனி ரோந்துக் கருவி. எங்களை அதிகம் மயக்கியது இதுதான். கையடக்கக் கம்பி போன்ற கருவி ஒன்றைக் காவலாளியிடம் கொடுத்து, குடியிருப்பின் ஒன்பது இடங்களில் சிறு வில்லைகளைப் பதித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் சுற்றி வந்து ஒவ்வொரு வில்லையிலும் கருவியைத் தொட்டால் நேரம் பதிவாகும். அந்தப் பதிவு அச்சிடப்பட்டு மாதந்தோறும் எங்களுக்கு வரும். முதல் மாத அறிக்கை வந்தபோது செயலாளர் அதைக் கூட்டத்தில் உயர்த்திக் காட்டினார், கைதட்டினோம். அதன் பிறகு வந்த அறிக்கைகளைத் துளையிட்டுக் கோப்பில் அடுக்கியதோடு சரி.

திருட்டுக்கு மறுநாள் மாலை அந்தக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பது வில்லைகளும் நாற்பது, ஐம்பது விநாடிகளுக்குள் தொடப்பட்டிருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு விநாடி, ஐந்து விநாடி. வாசலிலிருந்து கிளம்பி, பின்புறச் சுற்றுச்சுவர் வரை போய்த் திரும்ப எனக்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆகின்றன. கைவிளக்கோடு போய்ச் சுவர்களைப் பார்த்தேன். ஒன்பது இடங்களிலும் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. வில்லைகள் அனைத்தும் காவலறையின் மேசை இழுப்பறையில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தன.

இரவுக் காவலாளியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த, தமிழ் பேசும் முதியவர் அவர். "சார், அதையெல்லாம் அவங்கதானுங்க கழட்டிக் குடுத்தாங்க. மழைத்தண்ணில கெட்டுப்போயிரும், மேசைலயே வெச்சுத் தொட்டுக்குங்கன்னு சொன்னாங்க" என்றார். அவருக்கு எழுபத்தொரு வயது. சட்டம் காவலாளிகளுக்கு வைத்திருக்கும் உச்ச வயது அறுபத்தைந்து. மத்திய அரசின் மாதிரி விதிகள் நூறு மணி நேர வகுப்பும் அறுபது மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்கின்றன. அவருக்குக் கிடைத்தது ஒரு தொப்பியும் ஒரு விசிலும். நாங்கள் 17,500 கொடுத்தோம். அவர் கைக்குப் போனது ஒன்பதாயிரம். அது போதாமல் பகலில் ஒரு லாரி நிறுத்துமிடத்தில் வேலை பார்த்துவிட்டு இரவில் இங்கே வந்து உட்கார்ந்தார். அப்படிப்பட்டவர் உறங்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அந்த இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டல காலம் என்பதால் நெடுஞ்சாலை முழுவதும் சபரிமலை செல்லும் வாகனங்கள். அறிமுகமில்லாத வண்டி ஒன்று ஓரமாக நின்றாலும் யாருக்கும் ஐயம் எழாத நாட்கள் அவை. ஒரு குடும்பம் மலைக்கும், ஒரு குடும்பம் பழனிக்கும், மற்றொன்று திருச்சூருக்குத் திருமணத்துக்கும் சென்றிருந்தன. இரவு இரண்டு மணியளவில் தெருநாய்கள் விடாமல் குரைத்தன. எங்கள் பகுதியில் நாய் அப்படிக் குரைத்தால் யானை இறங்கியிருக்கிறது என்றே பொருள்கொள்வோம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்ததையும், அதன் பின்னர் மதுக்கரை வனச்சரகத்தில் தண்டவாளத்தை ஒட்டிக் கேமராக்கள் வைக்கப்பட்டதையும் கண்டவர்கள் நாங்கள். ஆகவே எழுந்து, வராந்தா விளக்கைப் போட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டேன். காவலறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருக்கலாம்; செய்யவில்லை. காலையில் பால்காரர்தான் கிரில் கேட்டின் பூட்டு அறுபட்டுக் கிடப்பதைக் கண்டு கூப்பிட்டார். ஒரு வீட்டில் பதினான்கு பவுன் நகையும் 60,000 ரூபாயும் போயிருந்தன; மற்ற இரு வீடுகளில் வெள்ளிப் பாத்திரங்கள் போயின, பீரோக்கள் சிதைக்கப்பட்டிருந்தன.

கேமரா இருக்கிறதே என்று தைரியமாகக் காவலறைக்குப் போனோம். திரையில் பன்னிரண்டு காட்சிகளும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. பின்னோக்கிப் பார்க்க முயன்றபோது கடைசிப் பதிவு ஆகஸ்ட் மாதத்தோடு நின்றிருந்தது. ஹார்டு டிஸ்க் பழுதாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. டிஸ்க் செத்தாலும் நேரடிக் காட்சி திரையில் தொடர்ந்து தெரியும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பதிவுப்பெட்டி எழுப்பிய எச்சரிக்கை ஒலியையும், தொந்தரவாக இருக்கிறதென்று அவர்களுடைய ஆள் ஒருவரே நிறுத்தி வைத்ததாகப் பகல் காவலாளி சொன்னார். பெட்டியைத் திறந்தால், விலைப்பட்டியலில் 4 டி.பி. கண்காணிப்பு டிஸ்க் என்று எழுதிய இடத்தில், பழைய கணினியிலிருந்து கழற்றிய 1 டி.பி. டிஸ்க் இருந்தது. முப்பது நாள் பதிவு இருக்கும் என்பது வாக்குறுதி. எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன்: இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 21.6 ஜி.பி. வேண்டும். பன்னிரண்டுக்கு ஏறத்தாழ 260 ஜி.பி.. 1 டி.பி. நான்கு நாட்களுக்கே நிரம்பிவிடும், 4 டி.பி. இருந்திருந்தாலும் பதினைந்து நாட்களே தாங்கியிருக்கும். முப்பது நாளுக்கு எட்டு டி.பி. அருகில் தேவை. இந்தப் பெருக்கலை ஜனவரியிலேயே யாராவது ஒரு காகிதத்தில் போட்டிருந்தால் விலைப்பட்டியலே பொய் என்பது தெரிந்திருக்கும்.

பயன்பட்ட ஒரே காட்சி, நெடுஞ்சாலைத் திருப்பத்தில் உள்ள பேக்கரியின் கேமராவிலிருந்து கிடைத்தது. அதிலும் கடிகாரம் 42 நிமிடம் பிந்தியிருந்தது. முகப்பு விளக்கின் கூச்சத்தில் வண்டி எண் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, இத்தகைய மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழும், பதிவு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் எண்ணும் தேவை. காட்சியைத் திரையிலிருந்து செல்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதாது. மூலப் பெட்டியை யாரும் தொடாமல் அப்படியே ஒப்படைக்க வேண்டும்.

நிறுவனத்தின் முதலாளி மூன்று நாட்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்து, "சாரே, ஒப்பந்தத்தோட பின்பக்கம் வாசிச்சு நோக்குங்க" என்றார். வாசித்தேன். திருட்டினால் ஏற்படும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. புகார் கொடுப்பதானால் பாலக்காட்டுக்குத்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். இதை நம்பி ஒரு வாரம் வீணாக்கினோம். பணம் கொடுத்ததும் ஏமாற்றப்பட்டதும் இங்கே என்பதால் இங்கேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவே கூறுகிறது. ஏமாற்றுப் புகாருக்கு முதலில், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும், பின்னர் எஃப்.ஐ.ஆர். நகலும் பெற்றோம். பாலக்காட்டு முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்த எங்கள் செயலாளர், அங்கே ஒரு செல்பேசிக் கடையும் அதன் மேல் பூட்டிய அறையும் மட்டுமே இருந்ததாகச் சொன்னார்.

நுகர்வோர் ஆணையத்திலும் இதே நிலைதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். எல்லை கடந்து போக வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்த தொகை மொத்தம் 6,40,300 ரூபாய் என்பதால் கட்டணம் 200 ரூபாய் ஆனது; ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. சங்கத்தின் பெயரில் தொடுத்தால் சங்கம் நுகர்வோரா என்ற கேள்வியிலேயே காலம் போகலாம் என்று வழக்கறிஞர் சொன்னதால், சந்தா கட்டிய குடியிருப்பாளர்கள் சேர்ந்து மனுதாரர்களாகியிருக்கிறோம்.

இப்போது இரவில் இரண்டு இரண்டு பேராக நாங்களே முறைவைத்துச் சுற்றுகிறோம். ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஞாயிறுதோறும் நான் காவலறையில் உட்கார்ந்து, பத்து நாட்களுக்கு முந்தைய ஏதேனும் ஒரு நள்ளிரவுக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறேன். என் மனைவிக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. அதே மனிதர் வேறொரு பெயரில், மதுக்கரைப் பக்கம் புதிதாக எழுந்துவரும் ஒரு குடியிருப்பில் விலைப்பட்டியல் கொடுத்திருப்பதாகக் கடந்த வாரம் ஒரு நண்பர் படமெடுத்து அனுப்பினார். அதே எழுத்துரு, அதே 17,500, அதே "12 கேமரா, 4 டி.பி., 30 நாள்". ஜி.எஸ்.டி. எண் இந்த முறையும் 32 என்றுதான் தொடங்குகிறது.