டீசல் பள்ளிப் பஸ்ஸுக்கு மாற்று: யார் கணக்கில் எது மலிவு?

அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மஞ்சள் பஸ்கள் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திருப்பிக் கொண்டுவந்து விடுகின்றன. பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. பழைய டீசல் பஸ்ஸின் புகை முழுவதும் தெருவோடு போய்விடுவதில்லை. நிறுத்தத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பங்கு உள்ளே வருகிறது. அந்தப் புகையை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது.

இந்தப் பஸ்களை மாற்ற 2021-ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. பாதிப் பணம் புகையே விடாத பஸ்களுக்கு மட்டும். மறுபாதியில் சமையல் வாயு வகையைச் சேர்ந்த புரொப்பேனும், அழுத்தப்பட்ட இயற்கை வாயுவான சிஎன்ஜியும் போட்டியிடலாம். ஆனால் 2022-இல் நடந்த முதல் சுற்றில் பள்ளி நிர்வாகங்கள் கேட்ட 12,000-க்கும் மேற்பட்ட பஸ்களில் பத்துக்கு ஒன்பது மின்சார பஸ்கள். புரொப்பேனைக் கேட்டவர்கள் சொற்பம், சிஎன்ஜியைக் கேட்டவர்கள் அதிலும் சொற்பம். எல்லா ஊர்களிலும் மின்சார பஸ்தான் பொருத்தமானது என்று இதற்குப் பொருளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பேசியது மானியப் பட்டியல்.

ஏழ்மையான, கிராமப்புற, பழங்குடிப் பகுதிகளுக்கு முன்னுரிமை தரப்பட்ட அந்தச் சுற்றில், முழு அளவு மின்சார பஸ் ஒன்றுக்கு 3,75,000 டாலர் வரை மானியம். சார்ஜருக்குத் தனியாக 20,000 வரை. அதே அளவுள்ள சிஎன்ஜி பஸ்ஸுக்கு 45,000. புரொப்பேனுக்கு 30,000. அரசின் கணக்கில் ஒரு மின்சார பஸ்ஸுக்குச் செலவாகும் பணத்தில் பன்னிரண்டு புரொப்பேன் பஸ்களுக்கு மானியம் தந்துவிடலாம். பள்ளி நிர்வாகத்தின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. மின்சார பஸ்ஸின் விலையை மானியமே ஏறத்தாழ முழுவதும் அடைத்துவிடுகிறது. புரொப்பேன் வாங்கினால் மீதிக்குப் பெருந்தொகையைக் கைக்காசாகப் போட வேண்டும். இலவசமாகக் கிடைப்பது இருக்க, கடன்பட்டு மலிவானதை வாங்குபவர் யார்?

மானியத்தை மறந்து பஸ்களை மட்டும் பார்ப்போம்.

மின்சார பஸ்ஸுக்குப் பள்ளி வேலை அளவெடுத்துத் தைத்தது போன்றது. காலையில் ஓட்டம், நடுப்பகலில் ஓய்வு, மாலையில் ஓட்டம், இரவு முழுக்க ஒரே இடத்தில் நிறுத்தம். தடமும் தூரமும் முன்கூட்டியே தெரியும். ஒரு முறை சார்ஜ் செய்தால் பொதுவாக நூறு மைலுக்குமேல் போகும். நகரத் தடங்களுக்கு அது தாராளம். கோடை விடுமுறையில் சும்மா நிற்கும் பேட்டரியிலிருந்து மின்கட்டமைப்புக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரவும் முடியும். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 74 மின்சார பஸ்கள் இந்த ஏற்பாட்டோடு 2024-இல் ஓடத் தொடங்கின.

சிக்கல்கள் பஸ் வந்த பிறகுதான் தொடங்குகின்றன. ஷெட்டுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமென்றால் மின்நிறுவனத்தின் வரிசையில் காத்திருக்க வேண்டும். பஸ் வந்துவிடும், மின்சாரம் வராது. கடுங்குளிரில் கேபினைச் சூடாக்குவதற்கே பேட்டரியின் பெரும் பங்கு போய்விடுகிறது. அலாஸ்காவின் டோக் ஊரில் மின்சார பஸ் ஓடுகிறது என்பது உண்மை. குளிர்காலத்தில் மின்செலவு பல மடங்கு எகிறுகிறது என்பதும் உண்மை. சில குளிர்ப் பகுதிகளில் பிள்ளைகளுக்குச் சூடு தர மின்சார பஸ்ஸுக்குள் சிறு டீசல் ஹீட்டர் வைக்கிறார்கள். சிரிப்பு வந்தாலும் அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

குளிரைவிட நான் அதிகம் அஞ்சுவது தயாரிப்பாளர்களின் ஆயுளை. பஸ்களுக்குப் பேட்டரி தந்த புரொட்டெர்ரா 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கோரியது. கனடாவின் லயன் எலெக்ட்ரிக் 2024 டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஓட வேண்டிய வண்டிக்கு, உத்தரவாதம் தந்தவர் நடுவழியில் இறங்கிவிட்டால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? மானியத்தில் வந்தது என்பதால் பழுது இலவசமாகிவிடாது.

புரொப்பேன் கவர்ச்சியில்லாத மாற்று. அதனாலேயே குறைத்து மதிப்பிடப்படுகிறது. ஷெட்டின் மூலையில் ஒரு தொட்டியும் பம்பும் வைத்தால் எரிபொருள் ஏற்பாடு முடிந்தது. குளிரில் சிரமமின்றி ஸ்டார்ட் ஆகும். டீசல் மெக்கானிக் பெரிதாகப் புதிதாய்க் கற்க வேண்டியதும் இல்லை. கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடும் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் இதுவும் படிம எரிபொருள்தான். பூமி வெப்பமாவதைத் தடுக்கும் கணக்கில் இதற்குப் பெரிய மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளின் நுரையீரல் முதலா, கார்பன் முதலா என்பதில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இதன் மதிப்பு மாறும். சிஎன்ஜியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: அழுத்த நிலையம் ஏற்கெனவே உள்ள நகரத்துக்குச் சரி, புதிதாகக் கட்ட வேண்டிய ஊருக்கு வீண்செலவு.

பட்டியலிலேயே இல்லாத இன்னொரு போட்டியாளரும் உண்டு: டீசலேதான். 2007-க்குப் பின் வந்த எஞ்சின்கள் விடக்கூடிய கரித்தூளின் வரம்பு அதற்கு முந்தையதில் பத்தில் ஒரு பங்கு. 2010-இல் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் கடிவாளம் முழுமையாக விழுந்தது. பழைய பஸ்ஸிலேயே புகைவடிகட்டி பொருத்துவதற்குச் சில ஆயிரம் டாலர்தான் ஆகும். ஜார்ஜியா மாநிலத்தில் அப்படி மாற்றப்பட்ட 2,656 பஸ்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், மாணவர்களின் மூச்சுத்திறனும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கூடியதைக் கண்டார்கள். இவ்வளவு மலிவான வழிக்கு இந்த 500 கோடியில் ஒரு டாலர்கூடக் கிடையாது. முழு பஸ்ஸை மாற்றினால்தான் பணம்.

எந்தப் பழைய பஸ் போகிறது என்பதே முக்கியம் என்பதற்கு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்கும் துணை. சராசரி டீசல் பஸ் ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றினால் உடல்நலம், காலநிலை இரண்டிலும் சேர்ந்து 84,200 டாலர் பயன். மாற்றப்படுவது பெருநகரில் ஓடும் 2005 மாடல் என்றால் 2,47,600. புதிதாக வருவது இரண்டிலும் மின்சார பஸ்தான். தள்ளப்படும் பஸ்ஸும் ஊரும்தான் வேறு.

பணம் தரும் முறையிலும் இரண்டு போட்டியாளர்கள். முதல் சுற்று குலுக்கல்: எளிய படிவம், அதிர்ஷ்டம் இருந்தால் பஸ். 2023-இல் வந்த இன்னொரு வகை, மதிப்பெண் போட்டு வழங்கும் போட்டி மானியம். அதில் பள்ளி நிர்வாகம் நேரடியாக விண்ணப்பிக்கக் குறைந்தது 15 பஸ்களாவது கேட்க வேண்டும். மொத்தமே ஆறு பஸ் வைத்திருக்கும் கிராமம் எங்கே போகும்? விண்ணப்பம் எழுதவே ஆள் வைத்திருக்கும் பெரிய நிர்வாகங்களுக்கு அது சாதகம். குலுக்கல் குருட்டுத்தனமானது என்றாலும் சின்ன ஊரை வாசலிலேயே நிறுத்துவதில்லை. எனக்குக் குலுக்கலே மேல். இரண்டுக்கும் பொதுவான ஆபத்து வாஷிங்டன். 2025 ஜனவரியில் புதிய அதிபரின் உத்தரவால் இந்தச் சட்டத்தின் பணப் பட்டுவாடா நிறுத்திவைக்கப்பட்டபோது, அதை நம்பி பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

ஓக்லாந்து போன்ற நெருக்கமான நகரமென்றால் யோசிக்காமல் மின்சார பஸ் என்பேன். ஆனால் மின்நிறுவனம் தேதி போட்டுக் கடிதம் தந்த பிறகே ஆர்டர். நீண்ட தடங்களும் ஒற்றை மெக்கானிக்கும் உள்ள மலைக் கிராமத்துக்குப் புரொப்பேன். கைவசம் 2007-க்கு முந்தைய பஸ்கள் இருந்து, மாற்றப் பணமில்லாத இடத்தில் புகைவடிகட்டி. அடுத்த மானியப் பட்டியலை எழுதும் வேலை என் கைக்கு வந்தால், புதிய பஸ்ஸின் எரிபொருளைப் பார்த்துத் தொகை போட மாட்டேன். உடைக்கப்படும் பஸ் எந்த ஆண்டு மாடல், எவ்வளவு நெரிசலான தெருவில் ஓடியது என்ற இரண்டையும் கேட்டு அதன்படி போடுவேன்.