நெய் சேர்த்த கிழமையைக் கேட்டு வாங்குங்கள்: தாராவி அண்ணாச்சி கடைப் பொடி

என் மாமியாருக்கு 81 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். அறுபது வருடமாக மூக்குப்பொடி போடுகிறார். அவருக்குப் பொடி வாங்கி வருவது என் பொறுப்பு. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் வீட்டில் முறுக்கும் சீடையும் சுட்டு மாட்டுங்கா கடைகளுக்குக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதால், எண்ணெய் காறத் தொடங்கினால் அடுத்த அறையில் இருந்தாலும் தெரிந்துவிடும். இந்தக் கடையின் அருமை எனக்குப் புரிந்ததும் அதனால்தான்.

90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத மளிகைக் கடை. கருப்பட்டி, புளி, சீசனில் பனங்கிழங்கு எல்லாம் வைத்திருப்பார் அண்ணாச்சி. பொடி உள்பக்கம் ஒரு மூடி போட்ட டின்னில் இருக்கும். ஊரிலிருந்து மாதம் ஒருமுறை வருவது வறட்டுப் பொடி. புகையிலையைப் பதமாக வாட்டி, சுண்ணாம்பு சேர்த்து அரைத்தது, அவ்வளவுதான். நெய்யை இங்கேதான் சேர்க்கிறார். செவ்வாயும் வெள்ளியும், அந்த மூன்று நான்கு நாளில் எவ்வளவு விற்குமோ அவ்வளவுக்கு மட்டும். நெய்யை லேசாக உருக்கி, நூல் மாதிரி விட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசிறி, துணியில் சலிக்கிறார். நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது இந்த ஒரு பழக்கத்துக்காக.

இதற்கு முன்பு வேறொரு கடையில் வாங்கிக்கொண்டிருந்தோம். போன வருடம் ஆடி மாதம், நல்ல மழை. கால் கிலோ வாங்கினால் விலை குறையும் என்றார்கள். வாங்கினேன். மூன்றாவது வாரம் அத்தை ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கையை உதறிவிட்டார். “ஏட்டி, இது பொடியா? முந்தாநாள் வடை சுட்ட சட்டி மாதிரில்லா வாடை அடிக்கு.” வாங்கி முகர்ந்து பார்த்தேன். அத்தை சொன்னது சரி. அது நெய் இல்லை, கடலை எண்ணெய். அதுவும் புதிதாகச் சேர்த்தது இல்லை. விற்காமல் கிடந்த பழைய பொடியில் திரும்ப எண்ணெய் விட்டுப் பளபளப்பாக்கி இருக்கிறார்கள். முறுக்குச் சட்டியில் மிஞ்சிய பழைய எண்ணெயோடு புது எண்ணெயை ஊற்றினால் புதியதும் சீக்கிரம் கெடும். காறிய எண்ணெய் நல்ல எண்ணெயையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பொடியிலும் அதேதான். அத்தை அந்த வாரம் முழுக்க மூக்கெரிச்சலோடு இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. நான்தானே வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகுதான் இதை உட்கார்ந்து யோசித்தேன். பொடியில் கொழுப்பு எதற்கு? புகையிலைத் தூள் வெறுமனே இருந்தால் காற்றில் பறக்கும், தொண்டைக்குள் இறங்கும், சீக்கிரம் உலர்ந்து மணம் போய்விடும். ஒவ்வொரு துகள் மேலும் நெய் மெல்லியதாகப் படிந்தால் ஈரம் மெதுவாகப் போகும், மணம் தங்கும், சுண்ணாம்பின் கடுமையும் கொஞ்சம் தணியும். அதிகமானால் கட்டி கட்டியாகி மூக்கை அடைக்கும், காரமும் மழுங்கும். அண்ணாச்சியின் பதம் இதுதான்: இரண்டு விரலால் அழுத்தினால் சேர வேண்டும், விரலை விட்டால் உதிர வேண்டும்.

ஆனால் புகையிலைக்குக் காவலாக இருக்கும் அந்தக் கொழுப்புதான் முதலில் கெடுவதும். ஒரு கிண்ணத்தில் இருக்கும் நெய்யில் மேல்பரப்பு மட்டும்தான் காற்றில் படும். அதே நெய்யைப் பொடித் துகள்கள் மேல் பரப்பினால் கிட்டத்தட்ட முழுவதும் காற்றில் படுகிறது. அதனால் ஜாடியில் பல மாதம் இருக்கும் நெய், பொடியில் அத்தனை நாள் தாங்காது. வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் காற்றோடு சேர்ந்து கெடும் வகைக் கொழுப்பு அதிகம். நெய்யில் அது குறைவு. நன்றாகக் காய்ச்சிய நெய்யில் தண்ணீர் நூற்றுக்கு அரைப் பங்குகூட இருக்காது. வெண்ணெயில் 16 பங்கு வரை தண்ணீர். எனவே உருக்குபவர் அவசரப்பட்டு, சடசடப்பு அடங்கும் முன்பே நெய்யை இறக்கிவிட்டால், அந்த மிச்சத் தண்ணீரே பொடியைப் புளிக்க வைக்கும். அண்ணாச்சி கடை நெய்யை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடியில் கசண்டு சிவந்து, மணல் மணலாக உறைந்த நெய். குறை சொல்ல முடியாது.

தகர டப்பாவில் வரும் கம்பெனிப் பொடியும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் நெய்க்குப் பதில் பாரஃபின் எண்ணெய். அது மண்ணெண்ணெய் மாதிரி பூமியிலிருந்து வருவதைச் சுத்தப்படுத்திய எண்ணெய், சமையல் கொழுப்பு இல்லை. அதனால் காறாது. ஒரு வருடம் வைத்தாலும் சிக்கு வாடை வராது. இதைத் திறந்த மனதோடுதான் சொல்கிறேன், பல பேருக்கு அது வசதி. அத்தைக்குப் பிடிக்கவில்லை. கெட்டுப்போகவில்லைதான், ஆனால் புதுசாகவும் இல்லை என்றார். புகையிலையின் மணம் இறங்கிய பிறகும் டப்பா பளபளவென்று இருந்தது. காறல் வாடை வந்து நம்மை எச்சரிக்க அதில் வழியில்லை.

என் நாத்தனார் மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தான். பவேரியாக்காரர்களின் பொடி, ஷ்மால்ஸ்லர் என்று பெயர். ஷ்மால்ஸ் என்றால் உருக்கிய கொழுப்பு, நம் நெய் மாதிரி. பிரேசில் புகையிலையை அந்தக் காலத்தில் நெய்யும் பன்றிக் கொழுப்பும் சேர்த்துப் பக்குவப்படுத்தி இருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் பாரஃபின்தானாம். கடல் கடந்த ஊரிலும் கிழவர்கள் நெய்யைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள் என்று கேட்டதும் அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்துவிட்டு, “கருப்பட்டி வாசம் வருது, காரம் காணாது” என்று மூடி வைத்துவிட்டார்.

அப்புறம் டப்பி. அத்தையின் அம்மா கொடுத்த பித்தளை டப்பி ஒன்று உண்டு. உள்ளே பூசியிருந்த ஈயம் தேய்ந்து செம்மஞ்சள் நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது. ஈயம் பூசாத பித்தளையில் நெய்யை வைத்தால் பச்சை பூக்கும், நமக்குத் தெரிந்ததுதான். பித்தளையில் உள்ள செம்பு, கொழுப்பு காறுவதையும் விரைவுபடுத்தும். கடை நல்ல பொடியாகக் கொடுத்தும் முதல் மாதம் பத்தே நாளில் வாடை வந்ததற்குக் காரணம் அந்த டப்பிதான். சயானில் ஈயம் பூசும் கல்ஹைவாலாவைத் தேடிப் பிடித்துப் பூச வைத்தேன். இப்போது அதில் இரண்டு நாளுக்கான பொடி மட்டும். மிச்சம், இறுக்கமான மூடி போட்ட ஸ்டீல் டப்பாவில், அடுப்புக்கு எதிர்ப்பக்க அலமாரியில். ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், நெய் உறைந்து கட்டிகட்டியாகிவிட்டது. வெளியே எடுத்ததும் வேர்த்து நனைந்தது. வேண்டாம்.

கடையில் குறைகளும் உண்டு. பொடி மடித்த சின்ன வாழை மட்டை ஒன்று 30 ரூபாய், மற்ற இடங்களைவிடக் கூடுதல். ஊர்ச் சரக்கு வரத் தாமதமானால் ஒரு வாரம்கூட இல்லை என்பார், முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். மட்டையைச் சுற்றும் செய்தித்தாளில் மை வாடை பொடியில் ஏறுகிறது. இரண்டு முறை சொல்லிவிட்டேன். கம்பெனி டப்பாவில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கும், இந்த மட்டையில் ஒன்றும் இருக்காது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: நெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே இருப்பது புகையிலை, புற்றுநோய் தரக்கூடியது, பிடித்தால் விடாது. சயான் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன பிறகு அத்தை ஒரு நாளைக்கு நான்கு சிட்டிகைக்குக் குறைத்திருக்கிறார். அந்த நான்கும் நன்றாக இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை. பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். அண்ணாச்சி அதில் கண்டிப்பு. “வீட்டுல பெரியவங்கள வரச் சொல்லு தம்பி” என்று பையன்களைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன்.

வாங்கும்போது கொஞ்சம் உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்து, சூடு ஏறியதும் முகருங்கள். காறல் இருந்தால் அந்தச் சூட்டில் வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படும் அளவு வாங்காதீர்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் போனால் நெய் கை ஈரத்தோடு அண்ணாச்சி சலித்துக்கொண்டிருப்பார். சொந்த டப்பா கொண்டு போனால் செய்தித்தாள் தொந்தரவும் இல்லை.