சென்னை டு யாழ்ப்பாணம்: பலாலியில் இறங்குவதா, கட்டுநாயக்கவிலா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி, வானில் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 645. ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால், கொழும்புக்கு ஐந்து பத்து நிமிடம் கூடுதல், அவ்வளவே. திருச்சி–பலாலி இன்னும் வேடிக்கை: 185 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்!

பலாலிக்குப் பறப்பது ஏடிஆர் 72. ப்ரொப்பல்லர் விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போனால் அதிகம். கொழும்புக்குப் போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அடக்கம். ஊர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்த நிமிடங்கள் குறையப்போவதில்லை.

ஆகவே வித்தியாசம் வானத்தில் இல்லை, தரையில்தான். பலாலியிலிருந்து யாழ் நகரம் பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். சின்ன நிலையம், இமிகிரேஷன் வரிசையும் சின்னது. வெளியே வந்தால் செம்மண் தோட்டங்கள், பனைகள், அரை மணியில் ஊர். கட்டுநாயக்கவில் இறங்கினால் புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று ஏழு மணி நேரம் சாலையில் போக வேண்டும். இரவு பஸ் என்றால் அது கிளம்பும் வரை காத்திருப்பு வேறு. சென்னையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து கூட்டினால், பலாலி வழியில் ஐந்து மணி நேரம். கொழும்பு வழியில் பன்னிரண்டுக்குக் குறையாது.

பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து சேவை வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில்தான் திரும்பியது. இன்னும் கொழும்பு போல நாள் முழுக்க விமானம் கிடையாது. தவறவிட்டால் பெரும்பாலும் மறுநாள்தான். கல்யாணம், சாவு என்று அவசரமாகப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலையும் சொல்லிவிட வேண்டும். 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். டெல்டாக்காரர்களுக்கு நல்ல வழி. சென்னைக்காரர் நாகை போய்ச் சேரவே ஒரு ராத்திரி வேண்டும். மழைக்காலத்தில் கப்பலும் நின்றுவிடும்.

போகும் ஊர் வவுனியா என்றாலும் பலாலிதான் லாபம், சாலைத் தூரம் குறைவு. திருகோணமலைக்கு இரண்டு வழியும் ஏறக்குறைய சமம். விலை குறைந்த டிக்கெட்டை எடுக்கலாம். மட்டக்களப்புக்கு நான் கொழும்பையே சொல்வேன், ரயிலும் இருக்கிறது.

லண்டனிலிருந்து வருகிறவர்கள் மட்டும் கவனம். சென்னை வழியாகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால், பெட்டியை எடுத்து மறுபடி போட இந்தியாவுக்குள் நுழைய வேண்டிவரும், அதற்கு இந்திய விசா வேண்டும். அந்தச் செலவையும் சென்னையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், நேரே கொழும்பில் இறங்கி ரயிலேறுவதே அவர்களுக்கு மேல்.