ரௌட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க்கை நம்பியிருப்பவர்கள் கவனத்துக்கு

இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டரின் பின்பக்கத்தில் யுஎஸ்பி துளை இருக்கிறதா? அதில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, வீட்டுக்கே பொதுவான பெட்டகம்போல் வைத்திருக்கிறீர்களா? இன்றிரவே அதிலுள்ளவற்றுக்கு இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள். காரணத்தை நாளை படித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஃபைபர் இணைப்பு விற்க வந்த இளைஞர் வேகத்தைப் பற்றிப் பேசியதைவிட இந்தத் துளையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். “ஒரு டிஸ்க்கை இதில் செருகிவிட்டால் போதும் சார். வீட்டில் யார் எந்த அறையிலிருந்தும் திறந்து பார்க்கலாம்.” கையில் ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார். அதில் ‘வீட்டுச் சேமிப்பகம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதற்காகவே மாதக் கட்டணம் குறைவாக இருந்த இன்னொரு நிறுவனத்தை விட்டுவிட்டு, இவர்களுக்கு ஓராண்டுப் பணத்தை 18 சதவீத ஜிஎஸ்டியோடு முன்கூட்டியே கட்டினேன். ஒவ்வோர் ஆண்டும் அப்படியே கட்டி வந்தேன்.

வசதி நன்றாகவே வேலை செய்தது. அதை மறைக்க மாட்டேன். அப்பாவின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து அதில் போட்டேன். மகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், என் மனைவி தன் பாட்டு வகுப்பில் பதிவு செய்த நூற்றுக்கணக்கான ஒலிக்கோப்புகள் என்று ஏறத்தாழ 600 ஜிபி சேர்ந்துவிட்டது. மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று அங்கிருந்த மூலக்கோப்புகளை நான் அழித்துவிட்டேன். அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

பிப்ரவரியில் ஒரு காலை டிஸ்க்கைக் காணவில்லை. விளக்கு எரிகிறது, சுழலும் சத்தம் கேட்கிறது, எந்தக் கணினியிலும் பெயர் மட்டும் தெரியவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். முதலில் பேசியவர் என் டிஸ்க் பழுது என்றார். இரண்டாமவர் விண்டோஸ்மீது பழி போட்டார். மூன்றாமவர் ரௌட்டரை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னார். நான்கு நாள் கழித்து நேரில் வந்த தொழில்நுட்பப் பணியாளர்தான் உண்மையைச் சொன்னார்: “சார், இரவில் புதிய மென்பொருள் ஏற்றியிருக்கிறார்கள். அதில் இந்த வசதியே கிடையாது. எங்களுக்கே நேற்றுதான் தெரியும்.”

நம் வீட்டு அலமாரியில் இருந்தாலும் அந்த ரௌட்டரின் கடிவாளம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. டிஆர்-069 என்றொரு தொலைமேலாண்மை முறை உண்டு. அதன் வழியே நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தே நம் ரௌட்டரின் மென்பொருளை மாற்றலாம். பழையதை நாமே திரும்ப ஏற்றலாம் என்றால், அதற்கான கடவுச்சொல்லை நமக்குக் கொடுப்பதில்லை.

பாதுகாப்புக் காரணம் என்று பிறகு மின்னஞ்சலில் விளக்கம் வந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய ரௌட்டர்கள் பலவற்றில் கோப்புப் பகிர்வு எஸ்எம்பி-1 என்ற காலாவதியான முறையில் நடக்கிறது. 2017 மே மாதம் உலகம் முழுதும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்ற தீநிரல் அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்தே விண்டோஸ் 10-இன் புதிய நிறுவல்களில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் பூட்டு பழையது என்றால் பூட்டை மாற்ற வேண்டும். வாசலுக்குக் குறுக்கே சுவர் எழுப்புவதா? சரி, எழுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் சாமான்களை எடுத்துக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் கொடுக்கக் கூடாதா? கட்டண நினைவூட்டல் மட்டும் மாதத்துக்கு மூன்று முறை குறுஞ்செய்தியாக வருகிறதே!

இனிச் சொல்வதை மிகக் கவனமாகப் படியுங்கள். டிஸ்க்கைக் கழற்றி நேரே மடிக்கணினியில் செருகினேன். ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று விண்டோஸ் கேட்டது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை, விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற அக்கா மகன், “மாமா, அதைத் தொடாதீர்கள்!” என்று கையைப் பிடித்துக்கொண்டான். இணைப்புக் கொடுத்த அன்று நிறுவனத்தின் ஆள் ரௌட்டரின் வழியாகவே டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தார். ரௌட்டருக்குள் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம். அதனால் டிஸ்க் லினக்ஸ் பயன்படுத்தும் இஎக்ஸ்டி-4 வடிவத்தில் இருந்தது. விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது, காலி டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். அவன் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கினான். எல்லாக் கோப்புறைகளும் வரிசையாக வந்து நின்றன. இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து முடிக்க விடிந்துவிட்டது. எங்களுக்கு அவன் இருந்தான். அவன் இல்லாத வீடுகளில் எத்தனை பேர் ‘சரி’ என்று அழுத்தினார்களோ!

புகார் விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் கத்திப் பயனில்லை, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் மேல்முறையீடு. அந்த மேல்முறையீட்டைக் கேட்பதும் அதே நிறுவனத்தின் அமைப்புதான் என்பது தனி வேடிக்கை. வசதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று ஒப்பந்த வரி ஒன்றைக் காட்டி, ஒரு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக எனக்குப் பதில் வந்தது. நான் ஏற்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதற்கான விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆணையத்துக்குப் போக ஆதாரம் வேண்டுமே என்று வீட்டைப் புரட்டியபோது, அந்தத் துண்டறிக்கை சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாக்களுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது. மஞ்சள் கறை படிந்திருந்தாலும் ‘வீட்டுச் சேமிப்பகம்’ தெளிவாகத் தெரிகிறது. அதையே மனுவோடு இணைத்திருக்கிறேன். வழக்கு முடியும்வரை நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் இங்கே எழுதவில்லை.

ஓராண்டுப் பணம் கட்டியாகிவிட்டதால் ரௌட்டர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த யுஎஸ்பி துளையில் இப்போது என் மனைவி கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றுகிறார். மெதுவாகத்தான் ஏறுகிறது.