யூரெயில் பாஸும் ஹாஸ்டலும்: ஐந்தாறு பேராகச் சேர்ந்து போகும்போது எது கைகொடுக்கும், எங்கே இடறும்

பல நாடுகளின் ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் கையில் இருந்தால் ஐரோப்பாவில் எந்த ரயிலிலும் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று நம்பிக் கிளம்புகிறவர்களைப் பாரிஸ் லியோன் நிலையத்தின் நடைமேடை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் உட்கார முடியாது அல்லவா, அதே நிலைமைதான். பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டுமே. இருக்கை வேறு, அதற்கான காசும் வேறு. பல கோடைகளாக இந்தப் பாஸை வைத்துக் கூட்டமாகப் பயணம் செய்ததில் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ரிசர்வேஷன் கேட்காத நாடுகளில் இதற்கு இணை கிடையாது. கட்டாயமாகக் கேட்கும் நாடுகளில் பெரும்பாலும் தனி டிக்கெட்டே மேல்.

முதலில் யார் எதை வாங்குவது என்பது. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். பார்ப்பது குடியுரிமையை அல்ல, எங்கே வசிக்கிறார் என்பதை. தம்பி சென்னையில், அக்கா லண்டனில், சித்தப்பா மகன் ஜெர்மனியில் என்று சிதறிக் கிடக்கும் குடும்பம் ஒன்றாகக் கிளம்பினால் தம்பிக்கு யூரெயில், மற்ற இருவருக்கும் இன்டர்ரெயில். இரண்டும் அதே 33 நாடுகளில் செல்லும். ஆனால் இன்டர்ரெயில்காரர் தான் வசிக்கும் நாட்டுக்குள், வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் என்று இரண்டுக்குத்தான் அதைப் பயன்படுத்த முடியும். கூட்டம் முழுவதும் ஒரு வாரம் ஜெர்மனிக்குள்ளேயே சுற்றினால் சித்தப்பா மகனுக்கு அங்கே பாஸ் உதவாது. அவருக்கு மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் பொருந்தும் (2025இல் 58 யூரோ, 2026 முதல் 63). அதில் உள்ளூர், வட்டார ரயில்கள் மட்டும்தான், ஐசிஇ என்ற வேக ரயில் கிடையாது. சந்தாவை அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள்.

வயதையும் கவனியுங்கள். பயணம் தொடங்கும் நாளில் 27 வயது வரை இருந்தால் இளையோர் பாஸ், சுமார் 25 சதவீதம் குறைவு. 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் பெரியவர் ஒருவருக்கு இருவர் வீதம் இலவசம். ஆனால் அவர்களுக்கும் பாஸ் எடுத்தே ஆக வேண்டும்.

இனி கணக்கு. ஒரு மாதத்துக்குள் 7 பயண நாள் (விரும்பிய ஏழு நாட்களில் மட்டும் ரயில் ஏறலாம்) என்ற பாஸ் இரண்டாம் வகுப்பில் பெரியவருக்கு 380 யூரோவை ஒட்டியும் இளையோருக்கு 285 யூரோவை ஒட்டியும் இருந்து வந்திருக்கிறது. அதாவது ஒரு நாள் பெரியவருக்கு ஏறத்தாழ 54 யூரோ, இளையோருக்கு 41. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு நாளின் டிக்கெட்டையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபுளோரன்ஸிலிருந்து பீசாவுக்கு வட்டார ரயிலில் போய்வரவோ, வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பிராட்டிஸ்லாவாவுக்குப் போகவோ ஒரு பயண நாளைச் செலவழிப்பது வீண். அன்று சில்லறை டிக்கெட் எடுங்கள். ஸ்விட்சர்லாந்தில் நீண்ட தூரம் போகும் நாள், ஜெர்மனியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நாள், இரவு ரயில் ஏறும் நாள் ஆகியவற்றுக்குப் பாஸை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் விலை அடிக்கடி தள்ளுபடியில் வருவதால், அவசரம் இல்லையென்றால் அதற்குக் காத்திருக்கலாம். வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும்.

எந்த நாட்டில் எப்படி என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவற்றில் பெரும்பாலான ரயில்களில் நினைத்தபோது ஏறலாம். வேக ரயில்களான பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஆவே, பாரிஸையும் லண்டனையும் ஆம்ஸ்டர்டாமையும் இணைக்கும் யூரோஸ்டார் ஆகிய எல்லாவற்றிலும் ரிசர்வேஷன் கட்டாயம். பிரான்சுக்குள் டிஜிவிக்கு 10 அல்லது 20 யூரோ, ஃப்ரெச்சாரோசாவுக்கு 13, யூரோஸ்டாருக்கு 30க்கு மேல். பணம்கூடப் பெரிதில்லை, டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். கோடையில் ஒரே ரயிலில் ஆறு பேருக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று மூன்று பேராக இரண்டு ரயிலில் பிரிந்து போக மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள், அல்லது இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். இத்தாலியின் இத்தாலோ, பிரான்சின் உய்கோ, ஸ்பெயினின் இரியோ போன்ற ரயில்கள் பாஸை ஏற்பதே இல்லை.

மாற்று வழி உண்டு. ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையே வேக ரயில் ஒன்றரை மணி நேரம். ரெஜியோனாலே வெலோச்சே என்ற வட்டார ரயில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் ரிசர்வேஷன் வேண்டாம். ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரிலிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்குக்கு டிஜிவியை விட்டுவிட்டு டிஇஆர் என்ற வட்டார ரயில் பிடிக்கலாம். ஸ்விட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்கு மலையேறிப் போகும் பெர்னினா பாதையில் கண்ணாடிக் கூரை வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில் பாஸிலேயே போகிறது. 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓஸ்பிட்ஸியோ பெர்னினாவைக் கடந்து திரானோவில் 429 மீட்டருக்கு இறங்கும் அந்தப் பாதையில், ஜன்னலைத் திறந்து பார்க்க முடிகிற வட்டார ரயிலைத்தான் நாங்கள் சொல்வோம்.

ரிசர்வேஷனை யூரெயில் தளத்தில் எடுத்தால் ஆளுக்கும் ரயிலுக்குமாக 2 யூரோ கூடுதல் கட்டணம். ஜெர்மன், ஆஸ்திரிய ரயில்களுக்கு அந்தந்த ரயில்வேயின் தளத்திலேயே ‘இருக்கை மட்டும்’ என்று தேர்ந்தெடுத்து எடுக்கலாம். ஐசிஇயில் இருக்கைப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் ஆறு பேர் நின்றுகொண்டே நான்கு மணி நேரம் போவதைவிட ஆளுக்கு ஐந்து யூரோ சொச்சம் கொடுத்துவிடலாம்.

பாஸைப் போனில் வைத்திருக்க உதவும் ரயில் பிளானர் செயலியில்தான் அதிகம் பேர் அபராதம் கட்டுகிறார்கள். பாஸைச் செயல்படுத்தினால் மட்டும் போதாது. ஏறப்போகும் ஒவ்வொரு ரயிலையும் ‘மை ட்ரிப்’பில் சேர்த்து, அங்கிருந்து பாஸில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் அன்றைய பயண நாள் உருவாகி க்யூஆர் குறியீடு கிடைக்கும். இதை ரயில் ஏறும் முன்பே செய்ய வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு விரலை ஓட்டினால் டிக்கெட் இல்லாத பயணியாகத்தான் கொள்வார். ஒரு ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறினால் புதிய ரயிலையும் சேர்க்க வேண்டும். பட்டியலில் வராத ரயிலைக் கையால் எழுதிச் சேர்க்க வழி இருக்கிறது. செயலி இணையம் இல்லாமலும் இயங்கும், ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும். ஒரே போனில் ஆறு பேரின் பாஸையும் வைத்துக்கொள்ள முடியும், ஆனால் செய்யாதீர்கள். இருவர் வேறு பெட்டியில் உட்கார்ந்தாலோ, அந்தப் போன் அணைந்துபோனாலோ எல்லோருக்கும் சிக்கல். ஆளுக்கொரு போன், கூட்டத்துக்கு இரண்டு பவர் பேங்க், பையின் உள்ளே அல்லாமல் கையில் பாஸ்போர்ட்.

ஜெர்மனியில் நேரத்தை நம்பாதீர்கள். 2024இல் அங்கே நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை. செயலி காட்டும் 8 நிமிட இணைப்பு கூட்டமாகப் போகிறவர்களுக்கு உதவாது. 30 முதல் 40 நிமிடம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய கடைசி ரயிலை நம்பி ஹாஸ்டல் (பயணிகளுக்கான மலிவு விடுதி) பதிவு செய்யாதீர்கள். இன்னொன்று, ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே போகும் ஐசிஇ ரயில்கள் பல ஹாம் நிலையத்தில் பிரிந்து, ஒரு பாதி டுசெல்டார்ஃப் பக்கமும் மறுபாதி கொலோன் பக்கமும் போகின்றன. இடம் தேடிப் பெட்டி மாறி உட்கார்ந்தவர் வேறு ஊரில் இறங்க நேரும். நடைமேடையில் ஏ, பி, சி என்று பிரிவு எழுத்துகள் இருக்கும். பெட்டியின் வெளியே காட்டும் ஊர்ப் பெயரையும் பாருங்கள்.

இரவு ரயிலில் பாஸின் பலன் முழுதாகக் கிடைக்கும். திங்கள் இரவு ஏறிச் செவ்வாய் காலை இறங்கினால் திங்கள் மட்டுமே பயண நாள். இறங்கியபின் செவ்வாயன்று இன்னொரு ரயிலைப் பாஸில் ஏற்றினால் அன்றும் ஒரு நாள் போய்விடும். ஆகவே ஹாஸ்டலுக்குப் போக உள்ளூர் டிக்கெட் எடுங்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் இரவு ரயிலான நைட்ஜெட்டின் பழைய பெட்டிகளில் ஆறு பேர் படுக்கும் குஷெட் (எளிய படுக்கை) அறை கூட்டத்துக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கும். 2023 டிசம்பர் முதல் ஓடும் புதிய வண்டிகளில் அறைக்கு நான்கு படுக்கை, அல்லது ஒருவர் மட்டும் படுக்கும் சிறு கூடு. 2025 டிசம்பரில் பாரிஸிலிருந்து வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் போன நைட்ஜெட்கள் நின்றுவிட்டதால் பழைய பயணக் குறிப்புகளை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஹாஸ்டலில் நான்கு பேர் சேர்ந்தால் டார்மில் (பலர் சேர்ந்து தங்கும் பொது அறையில்) நான்கு படுக்கையின் விலையையும் நான்கு படுக்கைத் தனியறையின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல ஊர்களில் வித்தியாசம் மிகக் குறைவு. 18 வயது நிரம்பாத தம்பி தங்கை இருந்தால் பல இடங்களில் டார்மில் சேர்க்கவே மாட்டார்கள், தனியறைதான். சில இடங்களில் டார்முக்கு மேல்வயது வரம்பும் உண்டு. நகர வரி தனியாக வரும். லாக்கருக்குப் பூட்டு உங்களுடையது. தண்டு மெல்லியதாக உள்ள பூட்டாக எடுத்துப் போங்கள், தடித்தது பல லாக்கர்களில் நுழையாது. துண்டுக்கு வாடகை கேட்பார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து சொந்த ஸ்லீப்பிங் பேகை அனுமதிக்காத இடங்கள் நிறைய. பையைக் கட்டிலில் வைக்கும் முன் மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிக் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அப்போதே அறை மாற்றச் சொல்லுங்கள்.

சமையலறை இருக்கும் ஹாஸ்டல் கூட்டத்துக்குப் பெரிய சேமிப்பு. அரிசி, பருப்பு, முட்டை எங்கும் கிடைக்கும். தாளிப்பை மட்டும் மறந்துவிடுங்கள். கடுகு வெடிக்கும் புகைக்கே தீ எச்சரிக்கை அடித்து, தீயணைப்பு வண்டி வந்த செலவு உங்கள் தலையில் விழக்கூடும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று கடைகள் மூடிவிடும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும். சனியன்றே வாங்கிவையுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு வரிசை முக்கியம்: முதலில் விசா, பிறகு ரிசர்வேஷன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம இரவு என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். எனவே கூட்டத்தில் எல்லோருடைய பயணத்திட்டமும் இரவு எண்ணிக்கையில் ஒத்துப்போகட்டும். விசாவுக்குக் காட்டும் ஹாஸ்டல் பதிவுகளை இலவசமாக ரத்து செய்யக்கூடியவையாக எடுங்கள். லண்டன் அக்கா வீட்டில் முடிப்பதாக இருந்தால் யூரோஸ்டார் ஏற பிரிட்டன் விசா தனி. அங்கிருந்து மறுபடி ஐரோப்பாவுக்குள் வருவதென்றால் ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். செயல்படுத்தாத பாஸைத் திருப்பிக் கொடுத்தால் 15 சதவீதம் கழித்துப் பணம் வரும், தள்ளுபடியில் வாங்கியதற்கு விதி வேறு. ரிசர்வேஷன் பணமோ பெரும்பாலும் திரும்பாது. அதனால் விசா கையில் வரும்வரை டிஜிவியைத் தொடாதீர்கள், பயணத்துக்கு முந்தின நாள்வரை பாஸைச் செயல்படுத்தாதீர்கள்.